வேலி போட்ட வள்ளம்

தனுஷ்கோடி கப்பல்துறைச் சுவரில் அந்தத் தேயிலை விளம்பரத்தைப் பார்த்த நாளிலிருந்து வேதமுத்து வேறு ஆளாகிவிட்டார். ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. அந்த இங்கிலீஷ் எழுத்துகளுக்கு உடம்பு தூண் கனம். கையும் காலும் மயிரிழை. ஓர் எழுத்துக்குள்ளேயே பயில்வானும் நோயாளியும் குடியிருப்பதை அவர் அதற்கு முன் கண்டதில்லை. தண்ணீர் தெளித்துக் காகிதத்தைக் கிழியாமல் உரித்து, தங்கச்சிமடத்துக்குக் கொண்டுவந்தார்.

தன் வள்ளத்தின் முன்பக்கத்தில் வெள்ளையடித்து, மகள் லில்லியின் பெயரை அதே எழுத்தில் தாரால் எழுதினார். எல், ஐ, எல், எல், ஐ. தூண்களுக்குத் தடித்த தூரிகை. மெல்லிய கோடுகளுக்குக் கோழி இறகு. மூன்று நாள் கடலுக்கே போகவில்லை.

"அந்தக் கோட்டைக் கொஞ்சம் தடிப்பாப் போடுங்க. கடலுக்குள்ள போனா யாரு கண்ணுக்குத் தெரியும்?" என்றாள் மனைவி யாகப்பம்மாள்.

"அழகே அந்த மெல்லிசுலதான் இருக்கு. ஒனக்கென்ன தெரியும்?"

அவள் தம்பி சூசைமுத்து தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "என்ன மச்சான், வள்ளத்துல வேலி அடைச்சிருக்கீக? ஆடு வளக்கப் போறீகளா?" என்றான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

கோயில் திருநாளுக்கு, கடலில் மிதவையைச் சுற்றித் திரும்பும் பாய்வள்ளப் போட்டி வந்தது. பரிசு, ஒரு சுருள் பாய்த்துணி. வேதமுத்துவின் பாயில் ஒட்டுப் போடாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தத் துணி கிடைக்காவிட்டால் வாடைக் காற்றில் தொழில் படுத்துவிடும். போன வருஷம் சூசைமுத்து மிதவையைச் சுற்றாமலே திரும்பிவந்து சண்டை மூண்டிருந்தது. அதனால் இந்த முறை, இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆளாகப் பாக்கர் மரைக்காயரைக் கரையில் மேசைமேல் ஏற்றி, கையில் பைனாகுலரைக் கொடுத்து, மிதவையைச் சுற்றும் வள்ளங்களின் பெயரை எழுதச் சொன்னார்கள்.

வேதமுத்துதான் முதலில் கரை தொட்டார். மரைக்காயர் தாளைப் பார்த்தார்.

"லில்லின்னு இதுல இல்லையே. மொதல்ல சுத்துன வள்ளத்துல பேரே இல்ல, அஞ்சு கறுப்புக் கம்புதான் நட்டிருந்துச்சு. வேலின்னு எழுதியிருக்கேன். அது யாருதுன்னு சொல்லுங்க, துணி அவருக்கு."

கரை முழுக்க வேதமுத்துவைப் பார்த்தது. சூசைமுத்து மீசையைத் தடவினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த கோடுகளை நினைத்து வேதமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் பாயை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஓட்டை வழியே கடல் தெரிந்தது.

"வேலி என்னுதுதான்," என்றார்.

"காத்துல கேக்கல," என்றார் மரைக்காயர். பாவம், அவருக்கு உண்மையிலேயே காது மந்தம்.

"வேலி என்னுது."

ஊரே சிரித்தது. யாகப்பம்மாள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் அவள் தார்ச் சட்டியையும் தடித்த தூரிகையையும் கொண்டுவந்து கணவர் முன் வைத்தாள். வேதமுத்து வள்ளத்துப் பக்கமே போகவில்லை. பரிசுத் துணியில் புதுப்பாய் தைத்து முடித்ததும் அதை மணலில் விரித்து, அதே எழுத்தை ஆளுயரத்துக்கு எழுதினார். அந்த அளவில் மயிரிழைக்கே மணிக்கட்டுக் கனம் வந்துவிட்டது.

அந்தப் பாயோடு வள்ளம் மிதவையைத் தாண்டிப் போனபோது, மரைக்காயர் வெறுங்கண்ணால் பார்த்து "லில்லி" என்று வாய்விட்டுப் படித்தார். பக்கத்தில் நின்ற சூசைமுத்து பாய் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தான். பிறகு அக்காளிடம் வந்தான்.

"அக்கா, அந்தத் தேயிலைக் காகிதத்த மச்சான் வச்சிருக்காரா?"

"வச்சிருக்காரு. கேட்டாத் தருவாரு," என்றாள் யாகப்பம்மாள். "வேலின்னு மட்டும் சொல்லிராத."