ஐம்பத்திரண்டின் கதவு

பழைய போர் விமானத்தில் விமானி ஏறி இறங்கும் சின்னக் கதவின் உட்புறத்தில் ஐந்தாவது வண்ணப்பூச்சையும் சுரண்டி எடுத்த பிறகு, உலோகத்தில் தட்டிப் பதித்த 52 என்ற எண் தெரிந்தது.  எல்லோரும் காகிதம் என்று கூப்பிடுகிறவள், முன்பின் யோசிக்காமல் டீச்சரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். "டீச்சர், உங்க வீட்டுக்காரர் ஓட்டிட்டுப் போன விமானம் கிடைச்சிடுச்சு போலிருக்கு."  மறுமுனையிலிருந்து, "நாளைக்குக் காலைல வர்றேன்" என்று மட்டும் வந்தது. போனை வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, என்ஜினுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் விமானத்தின் எண்ணைப் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதில் 36 என்று இருந்தது.

காகிதம் என்பது அவள் பெயரல்ல. விமான அருங்காட்சியகத்தின் ஆவணப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்குச் சக ஊழியர்கள் வைத்த பட்டம் அது. மனுஷன் மறப்பான், மாற்றிப் பேசுவான், காகிதம் அப்படிச் செய்யாது என்பது அவள் கட்சி. ஆனால் இந்தப் பழைய போர் விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து காகிதம் அவளுக்குப் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. விமானப்படை கழித்துப்போட்டதும் இதை ஒரு தொழிற்கல்லூரிக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிரித்துப் பூட்டப் படிக்கட்டும் என்று கொடுத்தது; பிரிப்பதில் காட்டிய உற்சாகத்தைப் பூட்டுவதில் யாரும் காட்டியதாகத் தெரியவில்லை. கல்லூரிப் பதிவேட்டில் 'பறக்காத விமானம் - ஒன்று' என்றிருந்தது. அடுத்து ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே மூக்கில் பல் வரைந்து, 'சுறா - ஒன்று' என்று எழுதிவைத்தார்கள். பூங்காவை மூடியதும் ஒரு கோழிப்பண்ணைக்காரர் கொண்டுபோய்விட்டார். அவர் எதையுமே எழுதவில்லை. இறக்கைக்குள் கோழிகள் முட்டையிட்டதற்கு மட்டும் அத்தாட்சி இருந்தது. எண்ணைக் குறித்துவைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எண் 52 காணாமல் போன விமானம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் கிளம்பிப் போனது, திரும்பவில்லை. வானொலியில் கடைசியாகக் குரல் கேட்டது வடக்கு மலைகளுக்குப் பக்கத்தில். இரண்டு மாதம் மலையைச் சல்லடை போட்டுத் தேடிவிட்டு, 'காணவில்லை' என்று கோப்பை மூடினார்கள். அன்றைக்கு டீச்சரம்மாவுக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். வருடா வருடம் அந்தத் தேதியில் மலையடிவாரத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வருவார். வந்ததும் அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார். ஏதாவது தெரிந்ததா? இருபத்திரண்டு முறை 'இல்லை' என்று பதில் எழுதியவள் காகிதம்தான். அந்தக் கை ஒருமுறையாவது 'ஆமாம்' என்று சொல்லிவிடத் துடித்ததில் தப்பென்ன இருக்கிறது? ஆனாலும் தப்பாகிவிட்டது.

மத்தியானம் முழுக்க எண் 36-இன் கோப்பை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இது 52 என்றால், தொலைந்துபோன விமானம் எப்படித் திரும்பி வந்தது? விமானம் வந்ததென்றால் ஆள் எங்கே? எங்கேயாவது இறங்கிக் கம்பி நீட்டிவிட்டாரா? அப்படி நினைத்ததற்காக அவள்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. இது 36 என்றால் அந்தக் கதவுக்கு இங்கே என்ன வேலை? அந்தக் காலத்தில் ஒவ்வொரு கதவையும் அந்தந்த விமானத்துக்கு ஏற்றாற்போல் அரத்தால் இழைத்துத்தான் மாட்டுவார்கள். இடம் மாறிவிடக் கூடாதென்றுதான் உள்ளே எண்ணே பதிப்பது.

கோப்பின் நடுவில் பழுத்த கடிதம் ஒன்று இருந்தது. ஒரு கலங்கரை விளக்கக் காவலர் எழுதியது, 52 தொலைந்து மூன்று மாதம் கழித்து. மீனவர் வலையில் விமானக் கதவு ஒன்று சிக்கியிருக்கிறது, உட்புறம் 36 என்று உள்ளது, வந்து எடுத்துக்கொள்ளவும். கடிதத்தின் முதுகிலேயே விமானப்படை அலுவலகம் முடிவு எழுதியிருந்தது: 'எண் 36 நல்ல நிலையில் நம்மிடம் நிற்கிறது. கதவும் இருக்கிறது. தவறான தகவல். நடவடிக்கை தேவையில்லை.' தரையில் நின்ற விமானத்தின் கதவு கடலில். தொலைந்த விமானத்தின் கதவு இங்கே. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீட்டுக்குப் போனவள் சாம்பாரில் உப்பை இரண்டு முறை போட்டாள்.

மறுநாள் டீச்சரம்மா சொன்னபடி வந்துவிட்டார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கதவில் உள்ளங்கையை வைத்தார். 

"டீச்சர், நான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள் காகிதம். "விமானம் வேற. கதவு மட்டும்தான் அதோடது."

"அது எப்படிம்மா கதவு மட்டும் வரும்?"

"எனக்கே ஒண்ணும் புரியல டீச்சர்."

அப்போதுதான், எல்லோரும் ரிவெட்டு என்று கூப்பிடும் பெரியவர் உள்ளே வந்தார். அந்தக் காலத்து விமானப்படை ஃபிட்டர். ஒரு வருடமாக இங்கே மராமத்து வேலையைப் பார்த்துக்கொள்கிறவர். கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"பெயின்ட சுரண்டிட்டீங்களா?" என்று கதவைத் தடவினார். "அட, அம்பத்திரண்டு. இது நான் மாட்டினதாச்சே."

காகிதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னண்ணே சொல்றீங்க?"

"அன்னைக்குக் காலைல அம்பத்திரண்டோட தாழ்ப்பாள் பிடிக்கவே இல்லம்மா. ஓட்டப்போற சார் அவசரப்படுத்துறார். பக்கத்துல முப்பத்தாறு சும்மா நின்னுது. அதோட கதவக் கழட்டி, அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்து, அவர் வண்டியில மாட்டிட்டேன். சாயங்காலம் வந்ததும் மாத்திக்கலாம்னு நினைச்சேன்." அவர் குரல் இறங்கியது. "வரல. அப்புறம் இதச் சரிபண்ணி முப்பத்தாறுக்கே போட்டாச்சு."

"எழுதி வைக்கலையா?"

"எதுக்கு? ஒரு கதவு, அரை மணி நேர வேலை. யாரும் கேக்கவும் இல்ல."

யாரும் கேட்கவில்லை. காகிதமும் கேட்கவில்லை. ஒரு வருடமாகத் தினம் அவரோடு டீ குடித்திருக்கிறாள். பேசியதெல்லாம் அவர் மருமகளைப் பற்றி. இப்போது கடிதம் அவள் கைப்பையில் கனத்தது. அதைக் காட்டாமலே இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. காட்டினால், டீச்சர் மலையடிவாரத்தில் உட்கார்ந்த ஐம்பது வருடமும் வீணாகிவிடும்.  ஆனாலும் எடுத்தாள். முன்பக்கத்தையும் முதுகையும் சத்தமாகப் படித்தாள்.

ரிவெட்டு கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து, டாக்டர் கழற்றக் கூடாதென்று சொன்ன கண்ணாடியைக் கழற்றினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." யாரைச் சொல்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை.

"அப்ப அவர் மலையில இல்லையா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

"இல்ல டீச்சர். கடல்ல. வலையில சிக்குனது அவர் மாட்டிட்டுப் போன கதவுதான்."

"நான் அம்பது வருஷமா மலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே." அவர் குரலில் கோபமில்லை. தப்பான வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்தவரைப்போல விழித்தார்.

காகிதம் வரைபடத்தை விரித்துக் கலங்கரை விளக்கத்தைக் காட்டினாள். டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"அங்க பஸ் போகுமா?"

யாருக்கும் தெரியவில்லை. "நான் கூட்டிட்டுப் போறேம்மா" என்றார் ரிவெட்டு. டீச்சரம்மா அவரைப் பார்த்தார், வரச் சொல்லவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை.

"இங்கேருந்து அது எந்தப் பக்கம்?"

"தெற்கு" என்று காகிதம் ஜன்னலைக் காட்டினாள். "இல்லம்மா, கடல் மேற்கு" என்று ரிவெட்டு கொட்டகையின் சுவரைக் காட்டினார். வரைபடத்தை ஒருமுறை திருப்பி, மறுபடியும் திருப்பிப் பார்த்த பிறகு சுவர்தான் என்று முடிவானது. தகரச் சுவர், அதன்மேல் தீயணைக்கும் வாளிகள் வரிசையாகத் தொங்கின. ரிவெட்டு உதவிக்கு எழுந்தார். அதற்குள் டீச்சரம்மா நாற்காலியைத் தன் கையாலேயே தரையில் கிறீச்சிட இழுத்து, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, உட்கார்ந்தார்.