துரைக்குத் தண்ணீர் ஆகாது

அந்த லாண்டரிக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. கறையைக் கண்டால் கை சும்மா இருக்காது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டார், சட்டைக் காலரைத்தான் பார்ப்பார். கடையில் தன் தலைக்கு மேலே பெரிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்: ‘கறை போகும், துணி போகாது.’ இருபத்திரண்டு வருஷமாக அந்த வாக்கைக் காப்பாற்றியும் வந்தார். பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு பலகை. ‘இங்கே ஏற்கப்படாதவை: தோல் சட்டை, மெத்தை, சவுரி முடி.’ அந்தச் சின்னப் பலகைக்கு அப்புறம் வருகிறேன்.

கீழே கடை, மேலே வீடு. மேலே குடியிருந்தது மூன்று பேர்: அவர், அவர் மனைவி, துரை. மனைவி கடைக்கு வரும் துணிகளுக்குக் கிழிசல் தைப்பாள், உள்துணி மாற்றுவாள், பொத்தான் வைப்பாள். துரை ஒரு சின்சில்லா. அணிலையும் முயலையும் சேர்த்துப் பிசைந்து, பெரிய காது இரண்டை ஒட்டவைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு பிராணி. ஊரைவிட்டுப் போன வாடிக்கைக்காரி ஒருத்தி விட்டுவிட்டுப் போனது. மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்தால் அது தாவி அவள் தோளில் உட்கார்ந்துகொள்ளும். நாள் முழுக்க அவள் அதனோடு பேசிக்கொண்டே இருப்பாள். கட்டின புருஷனிடம் பேசுவதைவிட அதனிடம் பேசுவதுதான் அதிகம். இதில் அவருக்குக் கொஞ்சம் பொறாமைதான். கேட்டுப் பாருங்கள், சத்தியம் செய்து மறுப்பார்.

மனைவியின் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆளில்லை. பன்னிரண்டு நாள் போக வேண்டியதாயிற்று. கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றுக்குப் பத்து தடவை சொன்னாள்.

“தினம் ஒரு தடவை பொடித் தட்டை உள்ள வைங்க. அவன் அதுல புரண்டுப்பான், அதுதான் அவனுக்குக் குளியல். தண்ணி மட்டும் படவே கூடாது. கேட்டுச்சா?”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. நான் என்ன சின்னப் பிள்ளையா?”

மூன்றாம் நாள் காலை துரை பொடியில் புரண்டு எழுந்து உதறிக்கொண்டது. வயிற்றுப் பக்கம், காலணா அகலத்துக்கு, மஞ்சளாக ஒரு கறை. லாண்டரிக்காரர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் ஓரக்கண்ணால் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அவ்வளவுதான், ஆள் தொலைந்தார்.

மனைவி சொன்னது மறந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் ‘தண்ணி படக் கூடாது’ என்று சொல்லாத வாடிக்கைக்காரர் யார்? பட்டைக் கொடுக்கும்போதும் சொல்வார்கள், கம்பளியைக் கொடுக்கும்போதும் சொல்வார்கள். எல்லோருக்கும் தலையை ஆட்டிவிட்டு, அவர் பாட்டுக்கு நனைத்து எடுத்துப் புதுசு மாதிரி கொடுத்து அனுப்புவார். இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தரும் குறை சொன்னதில்லை. அந்தத் திமிர்தான்.

வெதுவெதுப்பான தண்ணீர். குழந்தைத் துணிக்குப் போடும் சோப்பு. கடைசி அலசலில், கடைத் துணி எல்லாவற்றுக்கும் விடுகிற மாதிரி, வாசனைத் திரவம் ஒரு சொட்டு. துரை திமிறியது, கத்தியது, கைப்பிடி முடியை உதிர்த்துவிட்டு நழுவப் பார்த்தது. விடுவாரா? வெள்ளைத் துண்டில் சுருட்டி, ஒற்றி, மேசைமேல் வைத்தார். ஒரு மணி நேரத்தில் மேல்முடி காய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது. கறை போன இடம் தெரியவில்லை. “எப்படி?” என்று அதையே கேட்டார். துரை அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

ஐந்தாம் நாள் துரை தும்மியது.

ஒரு தும்மல் என்றால் பரவாயில்லை. நாலு, ஐந்து, அடுக்கடுக்காக. மூக்கு ஈரமாக இருந்தது. கண் ஓரம் பீளை கட்டியிருந்தது. வைத்த உலர்புல் வைத்தபடி கிடந்தது. அருகில் காதை வைத்துக் கேட்டால், மூச்சு விடும்போது உள்ளே கிர்ர் என்று ஒரு சத்தம். லாண்டரிக்காரர் கூண்டைத் தூக்கிக்கொண்டு, கால்சட்டை மாற்றக்கூடத் தோன்றாமல், இரண்டு தெரு தள்ளி இருந்த விலங்கு டாக்டரம்மாவிடம் ஓடினார்.

டாக்டரம்மா குழாயைத் துரையின் விலாவில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டார்.

“நெஞ்சுல சளி இறங்கியிருக்கு. தண்ணி ஏதாவது பட்டுச்சா?”

“இல்லவே இல்லைங்க டாக்டரம்மா.”

டாக்டரம்மா விரலால் முதுகு முடியைப் பிளந்து அடியில் தொட்டுப் பார்த்தார். அப்புறம் குனிந்து துரையை முகர்ந்தார். அதற்கப்புறம் நிமிர்ந்து தன் வெள்ளைக் கோட்டின் கையை முகர்ந்தார். அந்தக் கோட்டை வாராவாரம் துவைத்துக் கொடுப்பது யாரென்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

“ரெண்டும் ஒரே வாசனையா இருக்கே” என்றார்.

லாண்டரிக்காரர் துரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒரு கறை இருந்துச்சுங்க...”

“துவைச்சீங்களா?”

“கையாலதான். மெஷின்ல போடல.”

“அது வரைக்கும் புண்ணியம்” என்றார் டாக்டரம்மா. “இதுக்கு முடி ரொம்ப நெருக்கம். மேல காஞ்சாலும் அடியில ஈரம் நிக்கும். நீங்க வேற நீராவிக்கு மேல குடியிருக்கீங்க. காயவே காயாது.”

சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சூடில்லாத காற்றில் வேர்வரை உலர்த்தினார். ஒரு சின்னப் பெட்டிக்குள் உட்காரவைத்து மருந்தை மூச்சில் ஏற்றினார். பிறகு லாண்டரிக்காரரை எதிரே உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையும் மாலையும் ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்து, பதினாலு நாள். நன்றாக ஓடியாட ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிற கெட்டிக்காரத்தனம் வேண்டாம், சிலது குடலைக் கெடுத்து ஆளையே கொன்றுவிடும். குளிர்ச்சியாக, ஈரமில்லாத அறை வேண்டும். மூச்சு சரியாகிறவரை பொடிக் குளியலும் கிடையாது.

“எல்லாத்தையும்விட முக்கியம், சாப்பாடு. இதுக்கு வயிறு நின்னா உயிர் நின்னுடும். புல்லுமாவைக் கரைச்சு நாலு மணிக்கு ஒரு தடவை ஊட்டுங்க. தினம் எடை பாருங்க, புழுக்கையை எண்ணுங்க. மூணு நாள் தாண்டிட்டா பிழைச்சுக்கும்.”

“பிழைச்சுக்கும்ல?”

“மூணு நாள் தாண்டட்டும்.”

லாண்டரிக்காரர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். “என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவளுக்கு இதுன்னா உசிரு.”

“நோயாளி விஷயத்தை நான் வெளியில சொல்றதில்ல. ஆனா நீங்க நோயாளி இல்லையே” என்றார் டாக்டரம்மா. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, “சரி, துவைச்ச கதையை நீங்களே சொல்லிக்குங்க” என்று அனுப்பிவைத்தார்.

கடைக்கு வந்ததும் முதல் காரியமாகப் பாய்லரை அணைத்தார். நீராவி இல்லாமல் லாண்டரி ஏது? வாசலில் ‘பாய்லர் பழுது’ என்று எழுதி ஒட்டினார். கடையில் இஸ்திரி போடும் மடிப்பு மாஸ்டர் பாய்லரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு?” என்றார். வேறு வழியில்லை, அவரிடமும் உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. மாஸ்டர் ரொம்ப நேரம் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டிருந்தார், பாவம். கடைசியில் துணி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வாடிக்கைக்காரர்களின் கம்பளிகளை வைக்கும் அறை ஒன்று உண்டு. ஈரத்தை உறிஞ்சும் மெஷின் நாள் முழுக்க ஓடும். கூண்டு அங்கே போயிற்று. லாண்டரிக்காரரும் அங்கேயே பாயைப் போட்டுக்கொண்டார்.

இனி ஒரு சிக்கல். மனைவி தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். புருஷனைப் பார்க்க அல்ல, துரையைப் பார்க்க. இருக்கிற இருப்பில் துரையைக் காட்ட முடியுமா? திருதிருவென்று விழித்தவர் கண்ணில், அந்த அறை அலமாரியின் மேல் தட்டில் இருந்த ஒரு தொப்பி பட்டது. யாரோ கொடுத்து, வாங்கிப் போகாமல் விட்ட ரோமத் தொப்பி. சாம்பல் நிறம். அதே பருமன்.

பழைய கூண்டு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி, புல்லைப் பரப்பி, தொப்பியை மூலையில் வைத்தார். தொப்பியில் கட்டிய நூலின் மறுமுனை அலமாரிக்குப் பின்னால் மடிப்பு மாஸ்டர் கையில்.

“ஏங்க, அவன் ஏன் அசையவே மாட்டேங்கிறான்?”

“தூக்கம். பகல்ல தூங்குறதுதானே அதுக்கு வேலை?” என்று சொல்லி லேசாக இருமினார். அதுதான் அடையாளம். தொப்பி மெல்ல நெளிந்தது.

“இதோ, அசையுது பாரு!”

மாஸ்டருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஓங்கி ஒரு இழுப்பு. தொப்பி எகிறி, தலைகீழாக ஒரு சுற்று சுற்றி, மறுபடி குப்புற விழுந்தது.

“பாத்தியா, குட்டிக்கரணமெல்லாம் போடுது!” என்றார் லாண்டரிக்காரர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

அந்தப் பக்கம் அவள் முகம் திரைக்குக் கிட்டே வந்தது. “நல்லா சாப்பிட வைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவி போனை வைத்துவிட்டாள். “தப்பிச்சோம்” என்றார் மாஸ்டர்.

தொப்பி ஜோராக இருந்தது. துரைதான் இல்லை. கடைத் தராசில் வைத்தால் முதல் நாள் ஐந்நூற்று அறுபது கிராம், மறுநாள் ஐந்நூற்று முப்பது, அதற்கு மறுநாள் ஐந்நூற்றுப் பத்து. புல்லுமாவை வாய் ஓரத்தில் வைத்தால் பாதி உள்ளே போகும், பாதி மோவாயில் வழியும். புழுக்கை முதல் நாள் இருபது கிடைத்தது, அப்புறம் ஒன்பது. மூன்றாம் நாள் மத்தியானம் அவரும் மாஸ்டரும் வெள்ளைத் துணியை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடியதில் நாலுதான்.

மாஸ்டர் சாப்பிடப் போனதும் அவர் துரையைச் சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கிர்ர் சத்தம் அவர் நெஞ்சிலேயே கேட்டது. தையல் மெஷின் ஓடும் சத்தமும், கூடவே அவள் இதனிடம் தொணதொணவென்று பேசும் சத்தமும் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்பதுகூட அப்போது தோன்றவில்லை. இந்தச் சின்ன உயிர் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் இருந்தது. “கறையோடயே இருந்திருக்கலாம்டா நீ” என்று சொல்லி, அழுதுவிட்டார்.

டாக்டரம்மா சொன்ன மூன்று நாள் தாண்டி, நாலாம் நாள் காலை சிரிஞ்சை நீட்டினார். துரை அதன் நுனியைக் கடித்துத் துண்டாக்கியது. புல்லுமா வேண்டுமென்று பிடுங்கித் தின்றது. அப்புறம் பின்னங்காலில் எழுந்து நின்று, குறி பார்த்து, அவர் வெள்ளைச் சட்டையில் சர்ரென்று மூத்திரம் பீச்சியது.

“மாஸ்டர்! ஓடி வாங்க! அடிச்சிட்டான்!” என்று கத்தினார். அன்றைக்கு முழுக்க அந்தச் சட்டையைக் கழற்றாமல் கடையில் உட்கார்ந்திருந்தார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அன்று சாயங்காலம் நிஜத் துரையையே போனில் காட்டினார். “இன்னிக்குத்தான் அவன் மாதிரி இருக்கான்” என்றாள் மனைவி. அந்த வார்த்தையை அவர் கவனிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் பாய்லரும் பழுது நீங்கியது. துரை மட்டும் கம்பளி அறையிலேயே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை மனைவி வந்து இறங்கினாள். மருந்து இன்னும் ஒரு வாரம் பாக்கி. சத்து மருந்து என்று கதை விடலாமென்று புட்டியின் மேல் காகிதத்தைக் கிழித்து வைத்திருந்தார். அவள் பையைக்கூட இறக்கவில்லை. நேரே கம்பளி அறைக்குப் போனாள். துரை தாவி அவள் தோளில் ஏறியது. அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், மார்பில் காதை வைத்துக் கேட்டாள். அப்புறம் திரும்பி, அலமாரி மேல் தட்டைப் பார்த்தாள்.

“தொப்பி சாப்பிட்டுச்சா?” என்றாள்.

இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு மடிப்பு மாஸ்டர் பின்வாசல் வழியாக நழுவினார்.

“எ... எந்தத் தொப்பி?”

“குட்டிக்கரணம் போட்டுச்சே, அந்தத் தொப்பி. அதுக்குச் சிவப்பு உள்துணி தைச்சதே நான்தான். தலைகீழாத் திரும்புனதும் என் தையல் எனக்குத் தெரியாதா?” அவள் குரல் இறங்கியது. “உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவங்களாச் சொல்லல, நான்தான் குடைஞ்சு கேட்டேன். ஈரம் ஏறி நெஞ்சுல சளி, உங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே இருந்து பாக்கறாருன்னாங்க. அக்காவால எந்திரிக்க முடியல, என்னால வரவும் முடியல. தினம் அவங்கள்ட்ட கேட்டுக்கிட்டு அழுதுட்டுக் கிடந்தேன்.”

“என்கிட்ட ஏன் கேக்கல?”

“கேட்டா நீங்க கை நடுங்கிப் போவீங்க. மருந்து யார் ஊட்டுறது?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தப்பு என்னோடதுதாங்க. பாய்லருக்கு மேல கூண்டை வச்சிட்டு இத்தனை நாளா இருந்திருக்கேன் பாருங்க. போறப்பவாவது மாத்தி வச்சிட்டுப் போயிருக்கணும். நானே அவனைக் கொல்லப் பாத்தேன்.”

தப்பிக்கக் கதவு திறந்து கிடந்தது, பார்த்தீர்களா? வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நீராவி பழியைச் சுமந்துகொள்ளும், நீராவிக்கு வாயா இருக்கிறது? லாண்டரிக்காரர் ஒரு நிமிஷம் அந்தக் கதவைப் பார்க்கத்தான் செய்தார். ஆனால் அவள் துரையின் காதுக்குள், “என்னை மன்னிச்சிடுடா” என்று சொன்னதை அவரால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

“நான்தான் அவனைத் துவைச்சேன்” என்றார்.

“என்னது?”

“துவைச்சேன். வயித்துல மஞ்சளா ஒரு கறை இருந்துச்சு.”

அவள் அவரையே பார்த்தாள். துரையும் பார்த்தது.

“எதுல துவைச்சீங்க?”

“குழந்தைத் துணி சோப்புல.”

“வாசனை?”

“ஒரு சொட்டு.”

“கறை போச்சா?”

“போச்சு” என்றார், தலையைத் தொங்கப்போட்டபடி. அப்போதும் குரலில் ஒரு துளி பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. சனியன், பிறவிக் குணம்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விறுவிறுவென்று கடைக்கு நடந்தாள், தோளில் துரையோடு. ஸ்டூலைப் போட்டு ஏறினாள். துணிக்கு எண் போடும் கறுப்பு மையை எடுத்து, அந்தச் சின்னப் பலகையில், சவுரி முடிக்குக் கீழே, கொட்டை எழுத்தில் ஒரு வார்த்தை எழுதினாள்: ‘உயிருள்ளவை.’

அந்த மை துணியில் பட்டாலே போகாது, அது அவருக்கே தெரியும்.

பத்து நிமிஷத்தில் முதல் வாடிக்கைக்காரர் வந்தார். போர்வை மூட்டையை இறக்கினார், பலகையைப் படித்தார், மறுபடியும் படித்தார்.

“இது என்னங்க புதுசா இருக்கு? உயிரோட எதையாவது யாராவது கொண்டுவந்து போட்டாங்களா?”

லாண்டரிக்காரர் போர்வையை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார். பின்னால் தையல் மெஷின் நின்றது.

“கேக்கறாருல்ல?” என்றாள் மனைவி, தோளில் இருந்த துரைக்குப் புல் ஊட்டிக்கொண்டே. “சொல்லுங்க. முதல்லேருந்து சொல்லுங்க.”