விட்டுப்போன வரி

"ஒரு வரி விட்டுப்போயிருக்கு. சரி பண்ணிட்டு வாங்க" என்று சொல்லி, நகராட்சி அலுவலகத்துக் கண்ணாடிக்காரம்மா என் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார். என்ன, எங்கே என்று கேட்பதற்குள் பின்னால் நின்றவர் என் தோளுக்கு மேலாகவே தன் காகிதத்தை நீட்டிவிட்டார்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் குந்தி உட்கார்ந்து படித்தேன். மர டிப்போவில் பாரம் தூக்குகிறவன் நான். எழுத்துக் கூட்டத் தொடங்கியதே தலை நரைத்த பிறகுதான். விரலை வைத்துப் படிக்காவிட்டால் ஒரு வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவேன். ஆகவே வரி விட்டுப்போயிருக்கும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. எந்த வரி என்பதுதான் தெரியவில்லை.

விற்கப்போவது டிப்போவுக்குப் பின்தெருவில் இருக்கும் ஓரறை வீடு. கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்தது. பிள்ளைகள் பிறந்ததும் தள்ளி ஒரு வீடு கட்டிப் போய்விட்டோம். இது பூட்டியே கிடந்தது. வாங்குகிற தையல்காரம்மா தன் வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். எனக்கும் அவசரம்தான். விற்ற பணத்தில் மச்சானோடு கூட்டுச் சேர்ந்து சரக்கு ஆட்டோ எடுப்பதாகப் பேச்சு. பிறகு பாரம் வண்டியில் ஏறும், என் முதுகில் ஏறாது. ஆனால் வீட்டின் மேல் பாக்கி இல்லை என்று நகராட்சி எழுதிக் கொடுத்தால்தான் பத்திரம் பதிவாகும்.

அன்று மாலை மனைவியும் நானும் விண்ணப்பத்தைத் தரையில் விரித்துவைத்துத் தேடினோம்.

"எல்லாம் நிரம்பித்தானே இருக்கு?" என்றாள்.

"இந்தா, 'வேறு வீடு உண்டா'ன்னு இருக்கு பாரு. இதுல வெறும் கோடு போட்டிருக்கேன்."

"அப்ப இதுதான். 'உண்டு'ன்னு எழுதுங்க." எழுதி முடித்ததும் சிரித்தாள். "இன்னொரு வீடு வச்சிருக்கேன்னு உங்க கையாலயே எழுதிட்டீங்க. ஊருல எந்த ஆம்பளைக்கு இந்தத் தைரியம் வரும்?"

"போடி, இருக்கிற ஒருத்திக்கே மூச்சு முட்டுது."

மறுநாள் அவளும் கூட வந்தாள். கண்ணாடிக்காரம்மா காகிதத்தையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த வரி அப்படியேதான் நிக்குது."

"எந்த வரிம்மா?"

"ரெண்டாவது வீட்டு வரி."

நான் மேலிருந்து எண்ணி இரண்டாவது வரியில் விரலை வைத்தேன். "இங்க எங்கப்பா பேருதாம்மா இருக்கு. அவரு பேருல வீடே கிடையாது."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, நான் சொல்றது எழுதுற வரி இல்ல. கட்டுற வரி!"

வரிசை முழுக்கச் சிரித்தது. "அண்ணே, ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா விட்டுடுவாங்களான்னு கேளுங்க" என்றான் ஒருவன்.

"வீட்டு வரிதான் வருஷா வருஷம் கட்டுறேனே, ரசீது இருக்கு."

"அது வீட்டு வரி. இது குடியிருக்காத ரெண்டாவது வீட்டுக்குத் தனி வரி."

"ஆனா இதுதாம்மா முதல் வீடு. அதுக்கப்புறம்தான் அந்த வீட்டைக் கட்டினோம்."

"முன்ன பின்னங்கிறது கணக்கில்லைங்க. எங்க தூங்குறீங்களோ அது முதல் வீடு."

எனக்குத் தலை சுற்றியது. இரண்டாவதாகக் கட்டியது முதல் வீடு. முதலில் கட்டியது இரண்டாவது. தூங்குவதுதான் கணக்கென்றால் சொல்லிவிடலாமே என்று வாயைத் திறந்துவிட்டேன். "நான் இந்த வீட்டுலயும் தூங்குறேம்மா. தினம் மத்தியானம்."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "டிப்போவுல சீட்டாடுறேன்னு சொன்னீங்க?"

"குனிஞ்சா நிமிர முடியல. வெறும் சிமெண்டுத் தரையில கொஞ்ச நேரம் படுத்தா தேவலாம்னு இருக்கும்."

"எப்ப இருந்து?"

நான் கண்ணாடிக்காரம்மாவைப் பார்த்தேன். "ராத்திரி தூங்குறதுதாங்க கணக்கு" என்றார் அவர், குரலைத் தணித்து.

இது என்ன அநியாயம், பூட்டின வீட்டுக்கு வரியா என்று சண்டை பிடிக்கத்தான் தனி வரி என்றதுமே மனைவி முன்னால் வந்து நின்றிருந்தாள். இப்போது முந்தானையில் முடிந்திருந்த தையல்காரம்மாவின் முன்பணத்தை அவிழ்த்தாள். "எவ்வளவும்மா ஆகுது? போட்டுக்குங்க."

"ஏய், அது உங்கண்ணன்கிட்ட ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டியது."

"எங்கண்ணனை நான் பாத்துக்கறேன். பத்திரம் முடிஞ்சதும் மீதியும் வருதில்ல? இன்னைக்கே சான்றிதழை வாங்குங்க."

சான்று கைக்கு வந்தது. விரல் வைத்துப் படித்தேன். "இரண்டாவது வீட்டின் மீது பாக்கி ஏதும் இல்லை." அதிலும் இரண்டாவது வீடு என்றே போட்டிருந்தார்கள். இருக்கட்டும் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

தெருவுக்கு வந்ததும் மனைவி டிப்போ பக்கமாக நடந்தாள்.

"வீடு இந்தப் பக்கம்டி."

"சாவியைக் கொடுங்க."

கதவைத் திறந்து உள்ளே போனவள் சுவரோரம் மடித்துக் கிடந்த சாக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தலைக்கு வைத்துக்கொள்வது.

"எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பீங்க?"

ஜன்னல் பக்கம் காட்டினேன். மூலையில் கிடந்த தேய்ந்த விளக்குமாற்றை எடுத்து அறை முழுவதும் கூட்டினாள். அந்த இடத்தை மட்டும் இரண்டாம் முறையும் கூட்டினாள். சாக்கை உதறி, மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அது எதுக்கு? கிழிஞ்ச சாக்கு."

"வாயை மூடிட்டு வாங்க."

அடுத்த வாரம் பத்திரம் பதிவாகி, சாவி தையல்காரம்மாவிடம் போயிற்று. சாக்கு எங்கள் வீட்டுப் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. எதற்கென்று கேட்டால் முறைக்கிறாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை.