அட்டைக்குப் போடும் மாவு

அழகுமுத்து பூநகரிக் கடலோரத்தில் ஒரு கடலட்டைப் பண்ணையில் வேலை பார்த்தான். தீபாவளிக்கு உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்த தன் வீட்டுக்கு வந்தபோது, அட்டைகளுக்குப் போடும் சத்து மாவில் மூட்டையடியில் மிஞ்சியதை ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்தான். குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த லீக்ஸ் பாத்திக்குப் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம்.

சாப்பிடும்போது மனைவி வினோதாவிடம் அந்த மாவைப் பற்றிப் பெருமையாகப் பேசினான். கடற்பாசி, ஈஸ்ட், விட்டமின் எல்லாம் அதில் இருக்கிறதாம். சுருங்கிக் கிடந்த அட்டைக் குஞ்சுகள்கூட அதைத் தின்று தேறிவிட்டனவாம். வினோதா பாயில் கிடந்த மகளைப் பார்த்தாள். பூரணிக்கு மூன்று வயது. நிறை போதாது என்று கிளினிக்கில் ஒவ்வொரு மாதமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள் வினோதா.

மறுநாளிலிருந்து யாரிடமும் சொல்லாமல் பிள்ளையின் கஞ்சியில் அந்த மாவைக் கலந்தாள்.

சில நாட்களில் பூரணி வாந்தியெடுத்தாள். பிறகு மூத்திரம் நின்று முகம் வீங்கியது. தோட்டத்து லொறியில் வலப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கிருந்து நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோதுதான் வினோதா கணவனின் காதில் விஷயத்தைச் சொன்னாள். அவன் பண்ணை முதலாளிக்குப் போன் போட்டான். அட்டைகளுக்குத் தோல் நோய் வராமலிருக்க அதில் ஒரு மருந்தும் சேர்த்திருப்பதாக அவர் சொன்னார். அது அவனுக்குத் தெரியாது.

டாக்டரிடம், தானே கொடுத்ததாக அழகுமுத்து சொன்னான்.

பிள்ளை பிழைத்தாள். ஆனால் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. லயத்தில் பக்கத்து வீடான காம்பராவில் இருக்கும் அவனுடைய அக்கா நாகலெட்சுமி, ஆஸ்பத்திரி வாசலிலேயே தம்பியை அறைந்தாள். அவன் வாங்கிக்கொண்டு நின்றான். வினோதா வாய் திறக்கவில்லை.

அவன் பண்ணைக்குத் திரும்பிய காலையில் வினோதா கேட்டாள்.

"ஏங்க, நான் சொல்லிடவா?"

"வேணாம். நான் போயிடுவேன். நீ இங்கதான இருக்கணும்."

தை மாதத்தில் ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, நாகலெட்சுமி மற்றப் பெண்களிடம் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளைக்கு விஷம் வைத்தவன் என்றாள். வினோதா வாளியைக் கீழே வைத்தாள்.

"அவரு குடுக்கல மதினி. நான்தான் கரைச்சுக் குடுத்தேன்."

நாகலெட்சுமி குடத்தை அப்படியே விட்டாள். நேராக வினோதாவின் காம்பராவுக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கித் தன் வீட்டுக்குக் கொண்டு போனாள். வினோதா தடுக்கவில்லை.

அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பூரணி அழும்போதெல்லாம் வினோதா எழுந்து தன் கதவுவரை போவாள். அதற்கு மேல் போகமாட்டாள்.