வாங்க வராதவரின் முகம்

என் முகத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடம் ஸ்ரூடியோவில் மற்றவர்களின் முகங்களுக்கு விளக்குப் பிடித்தவன் நான். எந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தாலும் தேறாத முகம் எது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் தினமும் சவரம் செய்கிறேன். ஆகவே, இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில், முப்பத்தொன்பதாவது வயதில், இன்ரநெற்றில் பழக்கமான ஒரு பெண் "உங்கட படம் ஒண்டு அனுப்புங்கோ" என்று கேட்டபோது நான் வேறொருவனின் படத்தை அனுப்பியதில் யாரும் ஆச்சரியப்படத் தேவையில்லை.

ஸ்ரூடியோ மேசையில் இழுத்துத் திறக்கும் ஒரு லாச்சி இருந்தது. அடையாள அட்டைக்குப் படம் எடுத்துவிட்டு, வாங்க வராதவர்களின் உறைகள் அதில் கிடக்கும். எங்கள் ஊரில் அந்த வருடங்களில் படம் வாங்க வராமல் போவதற்குப் பல காரணங்கள் இருந்தன. முதலாளி அவற்றை எறிய விடமாட்டார். நானும் திறந்து பார்ப்பதில்லை. அன்று திறந்தேன். கோடு போட்ட சேர்ட், நெற்றியில் விழும் அடர்ந்த முடி. மொட்டைத்தலையனுக்கு வேறென்ன வேண்டும்? உறையில் பெயர் இல்லை. ஒரு நம்பரும், ஐந்து வருடத்துக்கு முந்திய திகதியும் மட்டும். பெயரை நானே வைத்தேன்: ராசா.

படம் போன பிறகு இரண்டு கிழமை மலரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்படித்தான் அவள் தன்னைச் சொல்லியிருந்தாள், மலர். நிலாவெளிப் பக்கமாம், ரவுணுக்குக் கணினி வகுப்புக்கு வருகிறவளாம். பிறகு திரும்பி வந்தாள், விசித்திரமான கேள்விகளோடு.

'இறால் சாப்பிடுவீங்களோ?'

நான் இறாலைக் கிலோக் கணக்கில் தின்பவன். ஆனால் விரல்கள் 'இல்லை, உடம்பெல்லாம் தடிக்கும்' என்று அடித்தன. 'மின்னலுக்குப் பயமோ?' 'ஓம், கட்டிலுக்குக் கீழே போய்விடுவேன்.' ஒருநாள் அவள் கேட்காமலே ஒரு கதை விட்டேன். சின்ன வயதில் இறக்கக்கண்டிக் கடற்கரையில் செத்து ஒதுங்கிய ஆமைக்குக் குழி வெட்டி, வழியில் பசிக்குமே என்று ஒரு ரொபி மிட்டாயும் வைத்துப் புதைத்தேனாம். இறக்கக்கண்டியில் எனக்கு ஒரு சொந்தமும் இல்லை. பொய் இவ்வளவு லேசாக வருகிறதே என்று எனக்கே கொஞ்சம் பெருமை.

ஆமைக் கதைக்கு மறுநாள் அவள் எழுதினாள்: 'நேரில பார்க்கவேணும்.'

நாலு மாதம் சாக்குச் சொன்னேன். வருடம் பிறந்து, தெருவில் சோதனைச் சாவடிகள் மறுபடி முளைக்கத் தொடங்கியபோது, 'இனி வர ஏலாமப் போயிடும், உடனே' என்று எழுதினாள்.

ஓர்ஸ் ஹில்லில் நெற் கபே வைத்திருந்த முத்தலிப்தான் என் ஒரே ஆலோசகன்.

"என்ன மச்சான், முகத்தில பவுடரா, சுண்ணாம்பா?"

"நான் போகேல்ல."

"போகாட்டி அந்தப் புள்ள இங்க தேடி வரும். நான் என்ன சொல்லுற? ராசா மௌத்தாயிட்டான் எண்டா?"

ராசா செத்ததற்கு இருவரும் சிரித்தோம். நான்தான் முதலில் நிறுத்தினேன்.

"ராசாட அண்ணன் எண்டு சொல்லப்போறன். தம்பிக்குக் காய்ச்சல் எண்டு."

"அண்ணனா? வாப்பா எண்டு சொல்லு, நம்புவாங்க."

உட்துறைமுகத்துக்கு இறங்கும் வழியில் ஒரு கூல் ஸ்பொட், குளிர்பானக் கடை. காலை பத்து மணி. உள்ளே ஒரே ஒருத்திதான் இருந்தாள், இருபத்திரண்டு வயதிருக்கும். மடியில் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கதிரையை இழுத்து முன்னால் உட்கார்ந்தேன்.

"நான் ராசாட அண்ணன். தம்பிக்குக் காய்ச்சல், வர ஏலாமப் போச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் ஏமாற்றம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"ராசாவுக்கு அண்ணன் இல்லை," என்றாள். "ஒரு தங்கச்சி மட்டுந்தான். நான்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் காற்று வரவில்லை.

"அந்தச் சேர்ட்டில ஒரு பொத்தான் மட்டும் பெரிசு. என்ர சட்டையில இருந்து வெட்டி, அண்டைக்குக் காலமை நான் தச்சுவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு ரவுணுக்குப் போனவர் திரும்பி வரேல்ல, ஆறு வருசம். அந்தச் சேர்ட்டோட ஒரு படமும் எங்கட வீட்டில இல்லை. அப்ப ஆர் அனுப்பினது? அண்ணா தானே?"

"ஏன் தங்கச்சி, நேரா கேட்டிருக்கலாமே?"

"ஆர் ஆர் வாசிப்பினம் எண்டு ஆருக்குத் தெரியும்? ஒளிச்சிருக்கிற ஆளை நானே காட்டிக் குடுக்கிறதோ? அதான் இறால், மின்னல் எண்டு கேட்டனான். பேரில இருந்து எல்லாம் சரியாச் சொன்னார்."

அதற்குமேல் என்னால் நடிக்க முடியவில்லை. லாச்சியைச் சொன்னேன். உறையைச் சொன்னேன். அந்தப் படத்தை எடுத்தவனும் நான்தான் என்று சொன்னேன். 'நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ' என்றிருப்பேன். எல்லோருக்கும் சொல்வது அதுதான். அவனைப் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை. ஒரு பெண்ணுக்கு முன்னால் அழகாகத் தெரிய வேண்டும் என்று இதைச் செய்தேன் என்று சொல்லும்போது, என் வாழ்நாளிலேயே மிகவும் அவலட்சணமாக இருந்தேன்.

அவள் அழவில்லை.

"சரி. படம் லாச்சியில இருந்து வந்தது. ஆமை?"

"அது நான் விட்ட கதை."

"ரொபி என்ன நிறம்?"

"பச்சை," என்றேன். யோசிக்கவே இல்லை. "அரைவாசி சூப்பினது."

அவள் கண்ணை மூடினாள். "என்ர வாயில இருந்து எடுத்துக் குடுத்தனான். எனக்கு அஞ்சு வயசு. அம்மாவுக்கும் தெரியாது."

எனக்குக் கை மயிர் எழுந்து நின்றது. தலையில் இல்லாவிட்டால் என்ன, மற்ற இடங்களில் எனக்குக் குறைவில்லை. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓட நினைத்தேன். அவள் மேசைக்குக் குறுக்கே குனிந்தாள். என்னிடம் கேட்கவில்லை, அடுத்த அறையில் இருப்பவரிடம் சுவரூடாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"அண்ணா, இப்ப எங்க இருக்கிறீங்கள்?"

பதில் வந்தது. இறாலுக்கு வந்ததுபோல, ஆமைக்கு வந்ததுபோல, அவ்வளவு லேசாக. பாழுங்கிணறு. விளிம்பில் எருக்கலஞ்செடி. மிக உயரத்தில், ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வானம். என் இரண்டு மணிக்கட்டும் ஒட்டிக் கிடந்தன, பிரிக்க வரவில்லை. நாக்கு அசையத் தொடங்கியபோது அதைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியாது, தங்கச்சி," என்றேன். "எங்கயோ நல்லா இருப்பார்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தாள்.

"பொய் சொல்லேக்க அண்ணாவும் இப்பிடித்தான்," என்றாள் மெதுவாக. "காதைப் பிடிச்சுக்கொண்டு."

என் இடது கை என் காது மடலைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்ததே இல்லை.

பிறகு அவள் சால்வையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா இன்னும் அவருக்கும் சேர்த்துத்தான் உலையில அரிசி போடுறா. இண்டைக்குப் போய், இனிப் போடவேண்டாம் எண்டு சொல்லவேணும். பஸ் பதினொண்டுக்கு."

பஸ் நிலையம் வரை கூடவே நடந்தேன். இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் இறுக்கி வைத்திருந்தேன். அது மேலே வரப் பார்த்துக்கொண்டே இருந்தது.