அக்காவின் பெயருக்கு ஒரு மனு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் எல்லோருக்கும் தெரியும். கால்சட்டைகளை அளவுக்கு வெட்டி ஓரம் தைப்பது என் வேலை. அந்தக் கடிதத்தைப் படித்த அன்று, மூன்று கால்சட்டைகளை ஒரு விரற்கடை கூடுதலாகக் கத்தரித்துவிட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

கடிதம் எங்கள் பழைய நாட்டிலிருந்து வந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவைக் கொளுத்தினார்களே, அதை விசாரிக்க இப்போதுதான் ஓர் ஆணையம் போட்டிருக்கிறார்களாம். செத்தவர்களின் வாரிசு மனுப் போட்டால் இழப்பீடு உண்டு, பட்டியலில் பெயரும் ஏறும்; பிள்ளை இருந்தால் கூடப்பிறந்தவர்கள் போட முடியாது. மனு வராதவர்கள் செத்ததாகவே ஆகாது. நல்ல நியாயம்! கொல்ல வந்தவன் எவனும் அன்று மனுப் போட்டுவிட்டு வரவில்லை.

அந்தத் தீயில் என் அக்காவும் அத்தானும் போய்விட்டார்கள். அவர்களுடைய இரண்டு வயசுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் தப்பி வந்தேன். இங்கே வந்து இறங்கியதும் யார் குழந்தை என்று கேட்டார்கள். எங்கே எங்களைப் பிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன். என் மகள் என்று சொல்லிவிட்டேன். அது அப்படியே காகிதத்தில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்குள் நான் அவளுக்குச் சித்தி, வாசற்படி தாண்டினால் அம்மா. ஒரு தடவைகூட அவள் வாய் தவறியதில்லை, கெட்டிக்காரி. இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள்.

கடிதம் வந்த அடுத்த வாரம் எங்கள் இருவருக்கும் குடியுரிமை நேர்காணல். அக்காவின் மகள் என்று அவள் அங்கே மனுப் போட்டால், இங்கே நான் எழுதிக் கொடுத்தது பொய் என்றாகிவிடும். வக்கீலிடம் போய்க் கேட்டோம். இரண்டில் ஒன்றை மறந்துவிடுங்கள் என்றார். நான் மனுவை மறக்கத் தயாராகத்தான் இருந்தேன். இவள்தான் பிடித்த பிடியில் நின்றாள்.

"கல்யாணப் பத்திரம் எரிஞ்சுபோச்சு, போட்டோ எரிஞ்சுபோச்சு. நானும் உங்க பொண்ணுன்னு ஆயிட்டா, எங்கம்மா பொறந்தாங்கன்னு யாரு சித்தி சொல்றது?"

"பேர எழுதினா எந்திரிச்சு வந்துடுவாளாடி?" என்று எரிந்து விழுந்தேன். வேலை போய்விடும், எங்களை வண்டியேற்றி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள் என்று கத்தினேன். அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "நீங்க சரின்னு சொல்லாம மனுப் போட மாட்டேன்," என்றாள். அது இன்னும் கோபத்தைக் கிளறியது. நாலு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேர்காணல் அன்று அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். இதில் உள்ளதெல்லாம் உண்மைதானே என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். பக்கத்தில் இவள் தலையைக் குனிந்தபடி, ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். எனக்காகத்தான். அன்றைக்கு அக்காவை விட்டுவிட்டு ஓடி வந்தவள் நான். இன்னொரு தடவை விட்டுவிட்டுப் போக மனசு ஒப்பவில்லை.

"இல்லைங்க," என்றேன். "இவ எங்கக்கா பொண்ணு."

அவர் பேனாவை மூடி வைத்தார். இரண்டு விண்ணப்பங்களையும் நிறுத்திவைப்பதாகவும், விசாரித்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றும் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் நானே மனுவை எடுத்து மேசைமேல் வைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அக்காவின் பெயர், அத்தானின் பெயர், தெரு, தேதி. இறந்தபோது வயது என்ற கட்டத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். விரல்விட்டு எண்ணி, இருபத்தொன்று என்றேன்.

அவள் எழுதவில்லை. "என்னைவிட மூணு வயசு சின்னவங்களா?" என்றாள்.

அக்கா என்றால் பெரியவள் என்றே நானும் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

"ஆமாடி," என்றேன். "சின்னப் பொண்ணுதான்."