தொழுவக் கதவில் எழுதாத எடை

அந்த வருடம் மே ஐந்தாம் தேதி மதியமே மலையிலிருந்து இறங்கி எங்கள் ஊர் பிளோவ்டிவுக்குப் போய்விட வேண்டும் என்று என் கணவர் லூபென் ஒற்றைக் காலில் நின்றார். மறுநாள் ஜார்ஜியார் திருநாள். அந்த வசந்த விடுமுறைக்கு இருபது வருடங்களாக நாங்கள் மலைமேல் இருக்கும் ரங்கேல் வீட்டுக்குத்தான் போவோம். அவரும் லூபெனும் பட்டாளத்தில் ஒன்றாக இருந்தவர்கள்.

"தக்காளி நாத்து நடணும்" என்றார் லூபென்.

"அண்ணன் கை படலன்னா பிளோவ்டிவுல தக்காளி காய்க்காதாக்கும்" என்றாள் ரங்கேலின் மனைவி மின்கா. "ஆட்டுக்குட்டிய அறுத்தாச்சு. யாரு திங்கிறது?"

தக்காளி காரணமில்லை என்று எனக்குத் தெரியும். திருநாள் காலையில் அந்த வீட்டில் எல்லோரையும் நிறுத்துப் பார்ப்பார்கள். முற்றத்துப் பேரி மரத்தில் இரும்புத் தூக்குக்கோலைக் கட்டி, கொக்கியில் கயிற்று ஊஞ்சலை மாட்டி அதில் உட்கார வேண்டும். வருடம் முழுக்க நோய் அண்டாது என்பார்கள். எடையை ரங்கேல் தொழுவக் கதவின் உட்புறம் பெயிண்டால் எழுதிவைப்பார். லூபென் எப்போதும் தொண்ணூறுக்கு மேல்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் பெல்ட்டில் ஆணியால் மூன்று புது ஓட்டைகள் போட்டிருந்தார். டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தேன். ரொட்டியைக் குறைத்திருக்கிறேன் என்பார். அவருடைய அண்ணன் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராதவர். அதிலிருந்து லூபெனுக்கு, வியாதி என்பது டாக்டர் சொன்ன பிறகு வருவது.

மதியம் பைகளைக் காரில் வைத்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் சாவியை எடுத்துவருவதற்குள் அது பனியாக மாறியது. மலைக்காட்டு பீச் மரங்களெல்லாம் இலை விட்டிருந்த நேரம். ஈரப் பனி இலைகளில் அப்பிக்கொண்டு, கிளைகள் வேட்டுப் போட்டதுபோல் முறிந்தன. ஒரு மணி நேரத்தில் கரண்ட் போயிற்று. வளைவுக்குக் கீழே சாலையில் நாலு மரம் விழுந்து கிடப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

"ஜார்ஜியாருக்கே உன்ன அனுப்ப மனசில்லடா" என்றார் ரங்கேல்.

லூபென் பைகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் பனி முழங்கால் அளவு இருந்தது. பேரி மரம் பூவோடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. மரமில்லையே, இந்த வருடம் வேண்டாமே என்றார் லூபென். ரங்கேல் தூக்குக்கோலைத் தொழுவத்து உத்தரத்தில் கட்டினார்.

முதலில் மின்கா உட்கார்ந்தாள்.

"எண்பத்திநாலு. போன வருஷத்தவிட மூணு கூட."

"இன்னும் சத்தமாச் சொல்லு, கீழ்த்தெருவுக்குக் கேக்கல."

பிறகு நான். பிறகு ரங்கேல், "வாடா, கல்யானை" என்றார்.

"முதுகு வலிக்குது."

"முதுகையா நிறுக்கப் போறேன்? உக்காரு."

இரண்டு ஸ்வெட்டர்களுடன் லூபென் உட்கார்ந்தார். ரங்கேல் கோலில் நகரும் எடைக்குண்டைப் போன வருடத்து எடையில், தொண்ணூற்று மூன்றில் வைத்தார். கோல் தரையை நோக்கிச் சாய்ந்தது. குண்டை உள்ளே நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார். எழுபத்தாறில் கோல் நேராக நின்றது.

"குளிர்ல இரும்பு சுருங்கியிருக்கும்" என்றார் லூபென்.

ரங்கேல் அவரை இறக்கிவிட்டு, ஐம்பது கிலோ தீவன மூட்டையை மாட்டினார். ஐம்பதுதான் காட்டியது.

"பதினேழு கிலோவ எங்கடா வச்சிட்டு வந்த?"

"எழுதுறதானா எழுது."

"எழுத மாட்டேன். டாக்டரப் பாத்துட்டு வா, அப்புறம் எழுதுறேன்."

பிரஷ்ஷை டப்பாவில் போட்டு மூடிவிட்டார். லூபென் கதவிலிருந்த தன் பழைய எடைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜனவரிலேர்ந்து, எதச் சாப்பிட்டாலும் உள்ள கல்லு மாதிரி நிக்குது" என்றார்.

நாலு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு வரியைத்தான். மின்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாலை திறக்க இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும் அவர் எதையும் மறைக்காமல், ரொட்டியை ஆட்டுச் சாற்றில் ஊறவைத்து மெல்ல மெல்லச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் ரங்கேல் தன் ஜீப்பில் எங்களை நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார். லூபென் தானாகவே இறங்கி உள்ளே நடந்தார். வயிற்றில் கட்டி, இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் கத்தி வைக்க இடமிருந்திருக்காது என்றார் டாக்டர். ஜூனில் அறுவை சிகிச்சை நடந்தது.

அதற்குப் பிறகு நாலு வருடமும் ஐந்து மாதமும் அவர் என்னோடு இருந்தார். பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. பாதி நாள் ரேடியோ சத்தத்துக்காகச் சண்டை போட்டோம்.

அந்தப் பனியை மலைக்காரர்கள் இன்றும் திட்டுகிறார்கள். வால்நட் பூ கருகியது, தேன் இல்லாமல் போயிற்று. அது இல்லாவிட்டால் நாங்கள் அன்றே மலையிறங்கியிருப்போம். ஒவ்வொரு மே ஐந்தாம் தேதியும் கோவிலுக்குப் போகிறேன். இறந்தவர்களுக்கான கீழ்த்தட்டில் லூபெனுக்கு ஒரு மெழுகுவர்த்தி. உயிரோடு இருப்பவர்களுக்கான மேல்தட்டில் இன்னொன்று, அந்தப் பனிக்கு.

"மேல ஏத்துறது யாருக்கும்மா?" என்று மெழுகுவர்த்தி விற்கும் பெண் ஒருமுறை கேட்டாள்.

"வேண்டியவங்களுக்கு" என்றேன்.